கணையத் திட்டுகளும் வெள்ளை அணுக்களும்: முதல் வகை நீரிழிவு பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

நீரிழிவு என்னும் தமிழ்ச் சொல் நோயின் புறத்தோற்றத்தைக் கண்டு இடப்பட்ட பெயர். உடலிலிருந்து நீர் அளவின்றி இழிகிறது. நோயாளி தாகம் தீராமல் மீண்டும் மீண்டும் அருந்துகிறார். கிரேக்கர்கள் வழங்கிய 'டயாபீட்டஸ்' என்னும் சொல்லுக்கும் ஊடே கடந்து செல்வது என்பதே பொருள். அரபு மருத்துவர்கள் அதனைத் 'தியாபீதுஸ்' எனத் தம் மொழிக்குள் எடுத்துக்கொண்டனர். படியெடுத்தோர் 'பா' எழுத்தின் கீழே வரவேண்டிய புள்ளியை மேலே இட்டதால் அது 'நூன்' ஆகி, 'தியானீதுஸ்' என்றும் ஏடுகளில் காணப்படுகிறது. அரபு ஏடுகளோடு பழகியவர்களுக்கு இவ்வகைப் பிழை புதிதன்று. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா தமது 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் இந்நோய்க்கு அரபியில் வழங்கிய பெயர்களையும் தருகிறார். அவற்றுள் ஒன்று 'அத்தூலாப்'. நீர் இறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். குடித்த நீர் குடித்தவாறே சிறிது நேரத்தில் வெளியேறுவதைச் சக்கரத்தின் சுழற்சியோடு ஒப்பிட்ட அழகிய பெயர் இது. மற்றொன்று 'ஸலகுல் குல்யா', அதாவது நீரைப் பிடித்து வைக்க இயலாமல் சிறுநீரகம் வழுகவிட்டுவிடுதல். நோயின் இருப்பிடம் சிறுநீரகமே என்பது அக்கால மருத்துவர்களின் கொள்கை.

இன்று கண்டறியப்படுவன யாவும் அன்றே நம் முன்னோரால் சொல்லப்பட்டுவிட்டன என எழுதுவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. நீரிழிவில் கணையத்துக்குள்ள பங்கை இப்னு சீனா அறிந்திருக்கவில்லை. அவருக்குப் பின் வந்தோரும் பல நூற்றாண்டுகள் அறியவில்லை. அவருடைய பெருமைக்கு அத்தகைய போலி அணிகலன் தேவையுமில்லை. அவர் கண்டதை ஒழுங்காக எழுதி வைத்தார். சிறுநீரின் இனிப்பைக் குறித்து 'மதுமேகம்' எனப் பெயரிட்ட இந்திய மருத்துவர்களும் அவ்வாறே தாம் கண்டதை எழுதி வைத்தனர்.

இவ்வரலாற்றுக்கு நாம் துணையாகக் கொள்ளத்தக்க அரபு அறிஞர் வேறொருவர் உண்டு. பக்தாதில் பிறந்து, ஹிஜ்ரி 629இல் (1231) அங்கேயே மறைந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ 'தியாபீதுஸ்' என்னும் நோய் குறித்துத் தனிக் கட்டுரை ஒன்றை இயற்றியவர். ஆனால் மருத்துவ வரலாறு அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரணத்துக்காக. ஹிஜ்ரி 597, 598 ஆம் ஆண்டுகளில் எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டியபோது அவர் அங்கிருந்தார். அல்மக்ஸ் என்னுமிடத்தில் மனித எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதை அறிந்து அங்குச் சென்று பார்த்தார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் இணைப்பு என்பது ஜாலீனூஸின் (காலன்) கூற்று. ஆயிரம் ஆண்டுகளாக எல்லா மருத்துவ நூல்களும் அதையே சொல்லி வந்தன. அல்பக்தாதீ இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். எதிலும் இணைப்புக் கோடு இல்லை. கீழ்த்தாடை ஒரே எலும்பு. ஜாலீனூஸின் மீது பெருமதிப்பு வைத்திருந்தும், புலன் காட்டும் சான்று அவருடைய சொல்லினும் நம்பத்தக்கது என 'அல்இஃபாதா வல்இஃதிபார்' நூலில் எழுதி வைத்தார்.

கண் கண்டதற்கும் ஆசான் சொன்னதற்கும் இடையிலான இத்தகைய பிணக்கு, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஐரோப்பாவில், அல்பக்தாதீ எழுதிய அதே நோயின் வரலாற்றில் மீண்டும் எழுந்தது. குழந்தைகளைத் தாக்கும் நீரிழிவில் உடலின் காவல் அணுக்களே கணையத்தின் செல்களை அழிக்கின்றன என்பதற்கான தடயத்தை 1902ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கி காட்டிவிட்டது. அதன் பொருள் ஏற்றுக்கொள்ளப்பட 1974 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நோயின் வகைகளை முதலில் பிரித்துக்கொள்வது நலம். நம் ஊர்களில் நடுவயதைக் கடந்தவர்களிடம் பெருகிக் காணப்படுவது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் சுரக்கிறது. உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை, சுரப்பும் நாளடைவில் போதாமல் போகிறது. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் வெளிப்படுவது. அதில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களே அழிந்துபோகின்றன. இரண்டையும் 'சர்க்கரை வியாதி' என்ற ஒரே பெயரால் அழைப்பதால் விளையும் கேட்டைப் பின்னர்க் காண்போம்.

1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மாணவர் தமது பட்ட ஆய்வுக்காக முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செரிமான நீரைச் சுரக்கும் செல்களுக்கு நடுவே, தனித்தனித் திட்டுகளாக வேறொரு வகைச் செல்கள் இருப்பதைக் கண்டார். அவற்றின் பணி தமக்குத் தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை முழுவதும் நீக்கியபோது அதற்கு நீரிழிவு கண்டது. சிறுநீரகத்தின் மீது நெடுங்காலமாகச் சாத்தப்பட்டிருந்த பழி அத்துடன் இடம் மாறியது. 1893இல் லகெஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அத்திட்டுகளுக்கு லாங்கர்ஹான்ஸின் பெயரையே சூட்டினார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே லாங்கர்ஹான்ஸ் மடைராத் தீவில் காலமாகிவிட்டார். மனிதக் கணையத்தில் இத்தகைய திட்டுகள் ஏறத்தாழ பத்து லட்சம் உள்ளன. ஆயினும் அனைத்தையும் சேர்த்தால் கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

1902இல் ஷ்மிட் என்ற ஜெர்மானிய நோய்க்கூறு அறிஞர், நீரிழிவால் இறந்த பத்து வயதுக் குழந்தையின் கணையத்தை ஆராய்ந்தபோது திட்டுகளைச் சுற்றி அழற்சியின் அடையாளங்கள் இருப்பதைக் கண்டு பதிவு செய்தார். வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டிருந்தன. 1920களில் அமெரிக்காவில் ஷீல்ட்ஸ் வாரனும் இதே காட்சியைக் கண்டார். 1940இல் சுவிட்சர்லாந்தின் ஃபான் மெயன்பர்க் அதற்கு 'இன்சுலைட்டிஸ்', அதாவது திட்டழற்சி, எனப் பெயரும் இட்டுவிட்டார். ஆனால் வெள்ளை அணுக்கள் அங்கே எதற்காக வந்தன என்ற வினாவுக்கு, ஏதோ கிருமியைத் துரத்த வந்திருக்கலாம், அல்லது இறந்த செல்களை அப்புறப்படுத்த வந்திருக்கலாம் என்ற அளவிலேயே விடை நின்றது. அவையே கொலையாளிகளாக இருக்கலாம் என்னும் எண்ணம் எழாமற் போனதற்கு ஒரு பின்னணி உண்டு.

நோயெதிர்ப்பு ஆற்றலை இன்றைய அரபியில் 'மனாஆ' என்கிறோம். தடுத்தல் என்னும் வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது அது. பகைவர் அணுக முடியாத கோட்டையை 'ஹிஸ்ன் மனீஃ' என்பர். கோட்டைக்குள் இருப்போரைக் கோட்டைக் காவலரே வெட்டி வீழ்த்துவர் என்பது அச்சொல்லின் பொருளுக்கே முரணானது. ஐரோப்பிய அறிஞர்களின் மனத்திலும் அத்தகைய சித்திரமே இருந்தது. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பால் எர்லிக், மோர்கன்ரோத் என்பவருடன் சேர்ந்து ஆடுகளில் ஒரு சோதனை நடத்தினார். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் குருதியைச் செலுத்தினால், அந்த அயல் குருதியணுக்களைச் சிதைக்கும் எதிர்ப்பொருள் அதன் உடலில் உண்டாயிற்று. ஆனால் தன் சொந்தக் குருதியைச் சிதைக்கும் எதிர்ப்பொருளை எந்த ஆடும் உண்டாக்கவில்லை. உடல் தன்னைத் தானே நஞ்சாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்னும் பொருள்பட 'ஹொரர் ஆட்டோடாக்சிகஸ்' என்ற இலத்தீன் தொடரை அவர் உருவாக்கினார்.

எர்லிக்குக்கு நாம் அநீதி இழைத்துவிடக் கூடாது. உடலுக்கு எதிரான பொருள் உடலுக்குள் தோன்றவே முடியாது என்று அவர் சொல்லவில்லை; தோன்றினாலும் கேடு விளையாதவாறு தடுக்கும் ஏற்பாடு உடலில் இருக்க வேண்டும், அவ்வேற்பாடு என்ன என்பதை ஆராய வேண்டும் என்பதே அவர் கருத்து. இமாம்கள் நிபந்தனையோடு சொன்னதைப் பின்வந்த முகல்லிதுகள் நிபந்தனையை விட்டுவிட்டு உரக்கச் சொல்வதை ஃபிக்ஹு வரலாற்றில் நாம் பார்த்திருக்கிறோம். எர்லிக்கின் கூற்றுக்கும் அதுவே நேர்ந்தது. 1904இலேயே வியன்னாவில் டோனாத்தும் லேண்ட்ஸ்டைனரும், குளிர்பட்டால் தன் குருதியணுவையே சிதைக்கும் எதிர்ப்பொருள் சில நோயாளிகளிடம் இருப்பதை நிறுவினர். அது ஒரு விந்தையான விதிவிலக்கு என ஒதுக்கி வைக்கப்பட்டது.

இரண்டாவது தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1922 ஜனவரி 11ஆம் நாள் டொரன்டோ மருத்துவமனையில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குக் கணையச் சாறு ஊசி வழியே செலுத்தப்பட்டது. அது முழுப் பயன் தரவில்லை. காலிப் என்ற வேதியியலார் தூய்மைப்படுத்திய சாறு அதே மாதம் 23ஆம் நாள் முதல் கொடுக்கப்பட்டபோது சிறுவன் தேறினான். பான்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோரின் உழைப்பால் கிடைத்த இன்சுலின், அதுவரை சில மாதங்களில் உருகி மடிந்துகொண்டிருந்த குழந்தைகளை வாழவைத்தது. மனித குலத்துக்குக் கிடைத்த பேரருள்களில் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பக்க விளைவாக ஆய்வு ஒரு நிலையில் நின்றுபோயிற்று. இல்லாததை ஊசியில் நிரப்ப முடியும் என்றான பின், அது ஏன் இல்லாமற் போயிற்று என்று கேட்கும் அவசரம் குறைந்தது. மேலும், நோய் தொடங்கிய சில நாள்களில் குழந்தைகள் இறப்பது அருகியதால், தொடக்க நிலைக் கணையம் நுண்ணோக்கியின் கீழ் வருவதும் அருகிற்று. இருபது ஆண்டுகள் நோயோடு வாழ்ந்து இறந்தவரின் கணையத்தில் பீட்டா செல்களும் இல்லை. அவற்றைத் தேடி வந்த வெள்ளை அணுக்களும் இல்லை. போர் முடிந்து படை கலைந்து சென்ற வெற்றுக் களத்தையே ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தனர்.

எர்லிக்கின் மரபிலிருந்தே அம்மரபை உடைத்தவர் வந்தது வரலாற்றின் விந்தை. எர்லிக்கின் மாணவரான ஹான்ஸ் சாக்ஸிடம் பயின்றவர் எர்னஸ்ட் விட்டெப்ஸ்கி. நாஜிகளின் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறி அமெரிக்காவின் பஃபலோ நகரில் குடியேறியவர். அவருடைய இளைய துணைவர் நோயல் ரோஸ், முயல்களுக்கு முயலின் தைராய்டுப் பொருளையே செலுத்தி, அவை தம் தைராய்டைத் தாமே தாக்குவதைக் கண்டார். ஆசான் வழியிலேயே வந்த விட்டெப்ஸ்கி அதை நம்பத் தயங்கினார். சோதனைகளைத் திரும்பத் திரும்ப நடத்திய பின்னரே 1956இல் முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர், தைராய்டு வீக்கமுற்ற ஹஷிமோட்டோ நோயாளிகளின் குருதியில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டறிந்தனர். தன்னெதிர்ப்பு நோய் என்னும் வகை மருத்துவத்தில் இடம்பெற்றது அதற்குப் பின்னர்தான்.

நீரிழிவின் பக்கம் பார்வை திரும்ப மேலும் காலமாயிற்று. 1958இல் லெகாம்ட் என்ற அமெரிக்கர், நோய் தொடங்கிய உடனே இறந்த குழந்தைகள் சிலரின் கணையத்தில் திட்டழற்சியை மீண்டும் எடுத்துக்காட்டினார். 1965இல் பிரஸ்ஸல்ஸ் நகரத்து வில்லி கெப்ட்ஸ் வெளியிட்ட கட்டுரையே திருப்புமுனை. அவர் செய்தது எளிய காரியம்தான். ஆனால் அதை எவரும் அதுவரை அவ்வளவு ஒழுங்காகச் செய்யவில்லை. நோய் தொடங்கிய ஆறு மாதங்களுக்குள் இறந்த 22 இளம் நோயாளிகளின் கணையத் திசுக்களைத் திரட்டி, நெடுநாள் நோயாளிகளினின்று பிரித்து ஆராய்ந்தார். 22 பேரில் 15 பேருக்குத் திட்டழற்சி இருந்தது. பீட்டா செல்கள் இயல்பான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. அரிதெனக் கருதப்பட்டது அரிதன்று. உரிய காலத்தில் பார்த்தால் பெரும்பாலோரிடம் அது உண்டு என்பது விளங்கிற்று.

1974இல் மூன்று செய்திகள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தன. இத்தாலியிலிருந்து லண்டன் வந்து டோனியாக்கிடம் பணியாற்றிய இளம் மருத்துவர் ஜான் ஃபிராங்கோ பொட்டாட்சோ, நீரிழிவோடு வேறு தன்னெதிர்ப்பு நோய்களும் உடையோரின் குருதியில் கணையத் திட்டுகளைப் பற்றும் எதிர்ப்பொருளைக் கண்டார். டென்மார்க்கில் யோர்ன் நேருப் குழுவினர், இளமை நீரிழிவு சில எச்.எல்.ஏ. மரபு வகைகளோடு இணைந்து வருவதையும் இரண்டாம் வகை அவ்வாறு வருவதில்லை என்பதையும் காட்டினர். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் நீரிழிவை எண்ணிப் பாராமலே நடத்திய சோதனையில், கொல்லும் டி செல்கள் அயற்பொருளைத் தனியே அறிவதில்லை, உடலின் சொந்த அடையாளத் தட்டில் ஏந்திக் காட்டப்பட்டால் மட்டுமே அறிகின்றன என்று கண்டனர். மனிதரில் அந்தத் தட்டே எச்.எல்.ஏ. மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது நோயின் வழி தெளிவாகிறது. இரு நோய்களையும் முதல் வகை, இரண்டாம் வகை என கட்வொர்த் 1976இல் பிரித்து அழைத்ததும் இத்தெளிவின் பயனே.

இங்கே ஒரு வினா எழுந்தது. எதிர்ப்பொருள் குருதியில் மிதப்பது. அதைக் கண்டுபிடிப்பது எளிது. ஆகவே அதுவே பீட்டா செல்லைக் கொல்கிறதா? அன்று என்பதற்குச் சான்றுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அவற்றுள் மிகவும் அழுத்தமானது அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலிருந்து 1980களில் வந்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையருள் ஒருவருக்கு நெடுங்காலமாக முதல் வகை நீரிழிவு. மற்றவர் நலமாக இருந்தார். டேவிட் சதர்லேண்ட் என்ற அறுவை மருத்துவர், நலமானவரின் கணையத்தில் ஒரு பகுதியை எடுத்து நோயுற்றவருக்குப் பொருத்தினார். இருவரும் மரபில் ஒன்றேயாதலால் உடல் அதனை அயல் உறுப்பு எனத் தள்ளாது. எனவே நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டியதில்லை என்று கருதப்பட்டது. உடல் அவ்வுறுப்பைத் தள்ளவில்லைதான். ஆனால் இரண்டு மூன்று மாதங்களுக்குள் நீரிழிவு திரும்பி வந்தது. பொருத்தப்பட்ட கணையத்தின் திசுவை எடுத்துப் பார்த்தபோது, திட்டுகளைச் சுற்றி லிம்போசைட்டுகள் மொய்த்திருந்தன. பீட்டா செல்கள் மட்டும் அழிந்திருந்தன. அதே திட்டிலுள்ள மற்றச் செல்கள் தப்பியிருந்தன. பல ஆண்டுகளாகத் தாக்க எதுவுமின்றிக் கிடந்த அணுக்கள் தம் இலக்கை மறக்கவில்லை. பின்னர் வந்த இரட்டையருக்கு அடக்கும் மருந்து கொடுத்தபோதுதான் கணையம் நிலைத்தது.

இதன் மறுதலைச் சான்று 1993இல் ஐரோப்பாவிலிருந்து வெளியாயிற்று: நீரிழிவுள்ளவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்ற உடன்பிறப்புக்குப் பின்னர் நீரிழிவு கண்டது. இடம் மாறியது கணையமன்று, காவற்படையே. 2001இல் வெளியான மற்றொரு குறிப்பும் நினைக்கத்தக்கது. பிறவியிலேயே பி செல்கள் இல்லாததால் எதிர்ப்பொருளை உண்டாக்க இயலாத ஒரு சிறுவனுக்கும் முதல் வகை நீரிழிவு வந்தது. எதிர்ப்பொருள் ஆள்காட்டி, ஆயுதம் ஏந்தியது டி செல்.

இன்றைய அறிவின்படி அந்த ஆயுதம் செயற்படும் முறையைச் சுருக்கிக் கூறலாம். கணையத்திலிருந்து வரும் புரதத் துணுக்குகளை அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துச் சென்று, எச்.எல்.ஏ. தட்டில் வைத்துக் காட்டும் செல்கள் உண்டு. அவற்றைக் கண்டு முதலில் விழிப்பவை சி.டி.4 எனக் குறிக்கப்படும் டி செல்கள். இவை கட்டளையிடுவன. இவற்றின் தூண்டுதலால் பி செல்கள் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன; சி.டி.8 என்னும் கொல்லும் டி செல்கள் பெருகித் திட்டுக்குள் நுழைகின்றன. பீட்டா செல்லின் மேற்பரப்பில் அதே துணுக்கைக் கண்டதும், பெர்ஃபோரின் என்ற புரதத்தால் சவ்வைத் துளைத்து, கிரான்சைம் என்ற நொதிகளை உள்ளே செலுத்தி, அச்செல்லைச் சாகச் செய்கின்றன. கிளாஸ்கோ நகரின் ஆலன் ஃபௌலிஸ் பிரிட்டனெங்கிலுமிருந்து திரட்டி வைத்த கணையத் திசுக்களை 2009இல் மீண்டும் ஆராய்ந்தபோது, திட்டுகளில் மிகுதியாகக் காணப்பட்டவை சி.டி.8 செல்களே, அடுத்த இடம் விழுங்கு செல்களுக்கு. பி செல்களையும் முற்றிலும் விடுவித்துவிட முடியாது. அவற்றைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து நோயின் வேகத்தைச் சிறிது காலம் தணிப்பதை 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

எர்லிக் தேடச் சொன்ன 'ஏற்பாடு' என்னவாயிற்று? அதுவும் கிடைத்துவிட்டது, ஒன்றன்று, இரண்டாக. நெஞ்செலும்பின் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி டி செல்களின் பாடசாலை. உடலின் பல்வேறு உறுப்புகளுக்குரிய புரதங்கள் அங்கே சிறிதளவு காட்டப்படுகின்றன. அவற்றைப் பகையெனப் பற்றும் செல்கள் அங்கேயே நீக்கப்படுகின்றன. இன்சுலினும் அங்கே காட்டப்படும் பொருள்களில் ஒன்று. இன்சுலின் மரபணுவின் ஒரு வகையைப் பெற்றவரின் தைமஸில் இன்சுலின் சற்று அதிகமாகக் காட்டப்படுவதையும், அவர்களுக்கு இந்நோய் குறைவாகவே வருவதையும் 1997இல் இரு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. பாடசாலையில் தப்பித்த செல்களை வெளியே கட்டுப்படுத்தும் காவலர்க்குக் காவலரும் உண்டு. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அடையாளம் காட்டிய ஒழுங்குபடுத்தும் டி செல்களே அவை. அச்செல்களுக்கு இன்றியமையாத ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி புருன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் கண்டனர். அம்மரபணு பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே முதல் வகை நீரிழிவு வந்துவிடுகிறது. இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வரலாறு ஆய்வுக்கூடத்தோடு முடிவதன்று. 1986இல் ஜார்ஜ் ஐசன்பார்த் என்ற அமெரிக்க மருத்துவர், இந்நோய் திடீரென வருவதன்று, பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ ஓசையின்றி நடக்கும் தன்னெதிர்ப்பின் இறுதிக் கட்டமே வெளியே தெரிகிறது என நிறுவினார். குழந்தை தாகத்தால் துவளும் நாளில் பீட்டா செல்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருக்கிறது. ஆனால் நம் இல்லங்களில் நடப்பதென்ன? "இனிப்பைக் கொடுத்துக் கெடுத்தாய்" என்று தாயின் மீது பழி விழுகிறது. பெண் குழந்தையாயின் நிக்காஹ் காலம் வரை நோயை மறைக்கும் முயற்சி தொடங்குகிறது. இவற்றினும் கொடியது, இரண்டாம் வகைக்காரரான பாட்டனார் உணவைக் கட்டுப்படுத்தி மாத்திரையைக் குறைத்துக்கொண்டதைப் பார்த்து, குழந்தையின் இன்சுலினையும் நிறுத்தி, வேர்ப்பொடியோ ஓதிய நீரோ போதும் என நம்புவது. உலமாக்களிடம் இதைக் கேட்டு வருவோர் உண்டு. சுரக்கும் செல்லே இல்லாத உடலில் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களில் குருதி அமிலமாகி உயிர் போகும். இதற்கு விடை சொல்பவர் எவராயினும் இரு வகைகளுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்த பின்னரே சொல்ல வேண்டும். ஃபின்லாந்துக்கு அடுத்து இந்நோய் குழந்தைகளிடையே மிகுந்து காணப்படும் நாடுகளின் வரிசையில் குவைத்தும் சவூதி அரேபியாவும் இருப்பது, வளைகுடாவில் குடும்பத்தோடு வாழும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

கொல்லும் படையை அடக்கி நோயை நிறுத்தலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1980களில் கனடாவிலும் பிரான்சிலும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுத்தபோது, புதிதாக நோயுற்றோரில் சிலருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படாத காலம் வாய்த்தது. நோய்க்குக் காரணம் டி செல்லே என்பதற்கு மனித உடலில் கிடைத்த நேரடிச் சான்று அது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. தொடர்ந்தாலோ சிறுநீரகம் கெடும். டி செல்லின் சி.டி.3 என்ற பகுதியைப் பற்றும் டெப்லிசுமாப் அதனினும் நுட்பமானது. நோயாளிகளின் உறவினருள், எதிர்ப்பொருள் தோன்றியும் நோய் இன்னும் வெளிப்படாத 76 பேரிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. பதினான்கு நாள்கள் மருந்து பெற்றவர்களுக்கு நோய் வெளிப்பட்ட இடைநிலைக் காலம் ஏறத்தாழ 48 மாதங்கள், பெறாதவர்களுக்கு 24. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு இதனை அனுமதித்தது. இது நோயைத் தீர்ப்பதன்று, தள்ளிப்போடுவது. இரண்டாண்டு என்பது சிறிதெனத் தோன்றலாம். எட்டு வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் பலமுறை ஊசியிட்டு, இரவில் சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என விழித்திருக்கும் பெற்றோருக்கு அது சிறிதாகத் தோன்றாது.

2025இல் வெளியான ஓர் ஆய்வு அல்பக்தாதீயின் காலத்து மருத்துவர்கள் கனவிலும் காணாதது. மூலச் செல்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த திட்டுச் செல்களை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். எனினும் அவர்கள் அனைவரும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தை உட்கொண்டு வந்தனர். மின்னசோட்டாவின் இரட்டையரிடம் கண்டதே காரணம்: புதிய செல்களைச் செய்து கொடுத்துவிட முடிகிறது, அவற்றுக்காகக் காத்திருக்கும் பழைய டி செல்களின் நினைவை அழிக்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை.